கேமில் மாற்றிய செட்டிங்ஸ் தங்கவில்லையா? முதலில் பைலின் நேரத்தைப் பாருங்கள்

ரெசொலியூஷனை மாற்றி, மவுஸ் வேகத்தைக் குறைத்து, சத்தத்தையும் அளவாக வைத்துவிட்டு வெளியே வருகிறீர்கள். மறுபடி திறந்தால் எல்லாம் பழையபடி. உடனே பலரும் செய்வது, கேமை அழித்துவிட்டுத் திரும்பப் போடுவது. அதைச் செய்யாதீர்கள். ஜிடிஏ 5 மாதிரி ஒன்று 100 ஜிபியைத் தாண்டும். டொங்கிளை ஜன்னலோரம் வைத்து இரண்டு கோடு சிக்னலுக்குக் காத்திருக்கும் மலையகத்தின் பொகவந்தலாவையிலோ மஸ்கெலியாவிலோ அதை மறுபடி இறக்குவது லேசான காரியமில்லை. இறக்கினாலும் பிரயோசனம் இருக்காது. ஏனென்றால் செட்டிங்ஸ் எழுதப்படும் பைல் அநேகமாகக் கேம் இருக்கும் போல்டரில் இருப்பதே இல்லை. அன்இன்ஸ்டோல் செய்த பிறகும் அது தன் இடத்தில் அப்படியே கிடக்கும். புதிதாகப் போட்ட கேம் வந்து அதே கெட்டுப்போன பைலைத்தான் திரும்ப எடுத்துக்கொள்ளும்.

செட்டிங்ஸ் தங்காததற்குக் காரணங்கள் நிறைய. ஆனால் அவையெல்லாம் மூன்று வகைக்குள் அடங்கும். ஒன்று, கேமால் பைலில் எழுதவே முடியவில்லை. இரண்டு, எழுதியது, பிறகு வேறு ஏதோ ஒன்று வந்து மாற்றிவிட்டது. மூன்று, பைலில் சரியாகவே இருக்கிறது, ஆனால் வின்டோஸோ கிராபிக்ஸ் டிரைவரோ மொனிட்டரோ அதன்படி நடக்கவில்லை. எந்த வகை என்று தெரியாமல் கைவைத்தால் ஒரு நாள் முழுக்க வீணாகும். தெரிந்துகொள்ள ஐந்து நிமிடம் போதும்.

ஒரு சிறு குறிப்பு: இங்கே தமிழில் எழுதியிருக்கும் போல்டர் பெயர்களையும் கட்டளைகளையும் கம்பியூட்டரில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். சொல்லியிருப்பவை வின்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். மெனுக்களின் பெயர் அங்குமிங்கும் சற்று வேறுபடலாம்.

பைல் எங்கே இருக்கிறது

வின்டோஸ் கீயோடு ஆர் கீயை அழுத்தினால் ஒரு சிறிய ரன் பொக்ஸ் வரும். அதில் %லோக்கல்அப்டேட்டா% என்று தட்டி என்டர் கொடுத்தால் ஒரு போல்டர் திறக்கும். %அப்டேட்டா% என்று தட்டினால் இன்னொன்று. இவை மறைத்து வைக்கப்பட்ட இடங்கள். பைல் எக்ஸ்புளோரரில் வியூ மெனுவுக்குப் போய் 'ஹிடன் ஐட்டம்ஸ்', 'பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' இரண்டையும் டிக் செய்து வையுங்கள். இரண்டாவது ஏன் என்பது பின்னால் புரியும்.

பழைய கேம்கள் பெரும்பாலும் டொகியுமென்ட்ஸுக்குள் எழுதும். ஜிடிஏ சான் அன்ட்ரியாஸ், டொகியுமென்ட்ஸில் 'ஜிடிஏ சான் அன்ட்ரியாஸ் யூசர் பைல்ஸ்' என்ற போல்டரில் ஜிடிஏ_எஸ்ஏ.செட் என்ற பைலை வைத்திருக்கும். ஜிடிஏ 5 அதே டொகியுமென்ட்ஸில் 'ரொக்ஸ்டார் கேம்ஸ்' என்பதற்குள் செட்டிங்ஸ்.எக்ஸ்எம்எல் என்று வைக்கும். அன்ரியல் எஞ்ஜினில் (கேம் செய்ய உதவும் மென்பொருளில்) செய்த கேம்கள் %லோக்கல்அப்டேட்டா% உள்ளே கேமின் பெயர், பிறகு சேவ்ட், கொன்பிக் என்று இறங்கினால் கேம்யூசர்செட்டிங்ஸ்.ஐஎன்ஐ என்ற பைலில். மைன்கிராப்ட் ஜாவா, %அப்டேட்டா% உள்ளே .மைன்கிராப்ட் போல்டரில் ஒப்ஷன்ஸ்.டிஎக்ஸ்டி. கவுன்டர் ஸ்ட்ரைக் 2, ஸ்டீம் (கேம்களை வாங்கி இறக்கும் மென்பொருள்) போல்டருக்குள் யூசர்டேட்டா, உங்கள் கணக்கு இலக்கம், 730, லோக்கல், சிஎப்ஜி என்று ஆழமாகப் போய் வைக்கும்.

யூனிட்டி எஞ்ஜினில் செய்தவை பல வேளை பைலே வைப்பதில்லை; வின்டோஸ் தன் செட்டிங்ஸை வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் எழுதும். ரன் பொக்ஸில் ரெஜ்எடிட் என்று தட்டி, எச்கீ கரன்ட் யூசர், சொப்ட்வெயார், பிறகு கம்பெனி பெயர், கேம் பெயர் என்று போனால் காணலாம்.

உங்கள் கேம் இந்தப் பட்டியலில் இல்லையா? கேமைத் திறந்து ஏதாவது ஒரு செட்டிங்கை மாற்றிவிட்டு வெளியே வாருங்கள். சி டிரைவில் யூசர்ஸ் போல்டருக்குள் உங்கள் பெயருள்ள போல்டரைத் திறந்து, வலப்பக்கத் தேடல் பெட்டியில் டேட்மொடிபைட்:டுடே என்று தட்டுங்கள். இன்று மாறிய பைல்கள் எல்லாம் வரும். நேரப்படி அடுக்கினால் மேலே நிற்பவற்றில் ஒன்று உங்களுக்குத் தேவையானதாக இருக்கும்.

ஐந்து நிமிடச் சோதனை

1. பைலைக் கண்டுபிடித்து, அதன் 'டேட் மொடிபைட்' நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு கொப்பியை டெஸ்க்டொப்பில் போட்டுவையுங்கள்.
2. கேமைத் திறந்து ஒரே ஒரு செட்டிங்கை மட்டும் மாற்றுங்கள். சத்தத்தை 37 என்று வைத்தால் நல்லது. பைலுக்குள் தேடும்போது வித்தியாசமான இலக்கம் கண்ணில் சட்டென்று படும்.
3. 'அப்ளை' இருந்தால் அழுத்துங்கள். பிறகு கேமின் சொந்த மெனு வழியாகவே வெளியேறுங்கள்.
4. பைலின் நேரத்தைப் பாருங்கள். நோட்பேடில் திறந்து 37 இருக்கிறதா என்றும் பாருங்கள். பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட அளவாக எழுதும் கேம்களில் அது 0.37 என்றிருக்கும்.
5. கேமைத் திரும்பத் திறந்து, மெனு வந்ததும் ஒன்றும் செய்யாமல் மூடிவிட்டு, பைலை இன்னொரு முறை பாருங்கள்.

நாலாவது படியில் நேரம் மாறவில்லை என்றால் எழுதுவதில் தடை. நாலாவதில் 37 இருந்து ஐந்தாவதில் காணாமல் போனால் யாரோ மேலெழுதுகிறார்கள். இரண்டிலும் 37 அப்படியே இருக்க, திரையிலோ காதிலோ மட்டும் மாற்றம் இல்லையென்றால் மூன்றாவது வகை. சான் அன்ட்ரியாஸின் .செட் பைல் போன்றவை நோட்பேடில் வெறும் கிறுக்கலாகத் தெரியும். அவற்றில் நேரத்தை மட்டும் வைத்து முடிவு செய்யுங்கள்.

நேரம் மாறவில்லை: எழுத முடியாத பைல்

முதலில், வெளியேறிய விதம். நிறையக் கேம்கள் நீங்கள் 'அப்ளை' அழுத்தும்போது எழுதுவதில்லை, மூடும்போதுதான் எழுதும். யூனிட்டி கேம்கள் வழக்கமாக அப்படித்தான்: கேம் ஒழுங்காக முடியும்போதுதான் டிஸ்க்கில் பதியும். இடையில் கரண்ட் போனால், அல்லது டாஸ்க் மனேஜரில் 'எண்ட் டாஸ்க்' கொடுத்தால், மாற்றியதெல்லாம் போய்விடும். மார்ச்-ஏப்ரல், ஒக்டோபர்-நவம்பர் பின்னேரங்களில் இடி முழங்கத் தொடங்கியதும் பிளக்கைப் பிடுங்குவது மலையகத்தில் வழக்கம், அது சரியான வழக்கமும்தான். ஆனால் அப்படிப் பிடுங்கிய நாளில் செட்டிங்ஸ் தங்கவில்லை என்று கேமைக் குறை சொல்ல முடியாது. புதிய கேம் போட்டால் செட்டிங்ஸை மட்டும் மாற்றி, ஒரு முறை முழுதாக வெளியேறிவிட்டு, பிறகு விளையாடத் தொடங்குங்கள். 650 விஏ யூபிஎஸ் ஒன்று இருந்தால் சாதாரண கம்பியூட்டருக்குச் சில நிமிடம் கிடைக்கும். கேமை மூடி ஷட்டவுன் கொடுக்க அது போதும். தொடர்ந்து விளையாட அல்ல.

அடுத்தது, ரீட்-ஒன்லி. பைலில் ரைட் கிளிக், ப்ரொபர்ட்டீஸ், கீழே 'ரீட்-ஒன்லி' டிக் இருந்தால் எடுத்துவிட்டு ஓகே. வேறொருவரிடமிருந்து பென் டிரைவில் வாங்கிய கொன்பிக் பைல்களில் இது அடிக்கடி இருக்கும். கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6 ஆடுபவர்கள் தங்கள் கொன்பிக்.சிஎப்ஜி மாறிவிடாமலிருக்க வேண்டுமென்றே அப்படிப் பூட்டிவைப்பார்கள். இங்கே ஒரு பொறி உண்டு. போல்டரின் ப்ரொபர்ட்டீஸைத் திறந்தால் ரீட்-ஒன்லி பெட்டிக்குள் ஒரு சிறு கட்டம் நிரம்பியிருக்கும். எடுத்துவிட்டாலும் திரும்ப வந்து நிற்கும். அது பிழையல்ல, போல்டரைப் பொறுத்தவரை அந்தக் கட்டத்துக்கு அர்த்தமும் இல்லை. அதோடு மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்காதீர்கள். பார்க்க வேண்டியது பைலின் டிக்கை மட்டும்தான்.

மூன்றாவது, வின்டோஸின் சொந்தக் காவல்காரன். 2017 ஒக்டோபரில் வந்த வின்டோஸ் 10 பதிப்பிலிருந்து 'கொன்ட்ரோல்ட் போல்டர் அக்செஸ்' என்று ஒன்று இருக்கிறது. பைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வெயார் தொடாமலிருக்க, டொகியுமென்ட்ஸ், டெஸ்க்டொப், பிக்சர்ஸ் போன்ற போல்டர்களில் அறிமுகமில்லாத புரோகிராம் எழுதுவதை அது தடுக்கும். டொகியுமென்ட்ஸில் எழுதும் பழைய கேம்கள் அதன் கண்ணுக்குத் திருடன் மாதிரித் தெரியும். இது இயல்பாக அணைந்துதான் இருக்கும். யாராவது கம்பியூட்டரை 'கிளீன் பண்ணித்' தந்தபோது போட்டுவிட்டிருக்கலாம். வின்டோஸ் செக்கியுரிட்டி, வைரஸ் அன்ட் த்ரெட் ப்ரொடெக்ஷன், கீழே ரான்சம்வெயார் ப்ரொடெக்ஷன் என்று போங்கள். ஓன் ஆக இருந்தால் அணைக்க வேண்டாம். 'அலவ் அன் அப்' என்பதில் கேமின் .எக்ஸ்இ பைலை மட்டும் சேர்த்துவிடுங்கள். 'பிளொக் ஹிஸ்டரி'யில் கேமின் பெயர் இருந்தால் சந்தேகமே வேண்டாம், இதுதான் காரணம்.

நாலாவது, புரோகிராம் பைல்ஸ். 2007க்கு முந்திய கேம்கள் பல தங்கள் செட்டிங்ஸைக் கேம் போல்டருக்குள்ளேயே எழுதும். வின்டோஸ் விஸ்டாவிலிருந்து சாதாரண யூசருக்குப் புரோகிராம் பைல்ஸில் எழுத அனுமதி இல்லை. அதனால் வின்டோஸ் ஒரு தந்திரம் செய்கிறது: பழைய 32 பிட் கேம் அங்கே எழுதப்போனால், சத்தமில்லாமல் %லோக்கல்அப்டேட்டா% உள்ளே வேர்ச்சுவல்ஸ்டோர் என்ற போல்டரில் ஒரு கொப்பி போட்டுக் கொடுத்துவிடும். கேம் அந்தக் கொப்பியை வாசிக்கும். நீங்களோ புரோகிராம் பைல்ஸில் இருக்கும் மூலப் பைலைத் திருத்திக்கொண்டிருப்பீர்கள். ஒரு நாள் 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறந்தால் மூலப் பைல், மறுநாள் சும்மா திறந்தால் கொப்பி. செட்டிங்ஸ் நாளுக்கொன்றாக மாறுகிறது என்று சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். தீர்வு: வேர்ச்சுவல்ஸ்டோரில் அந்தக் கேமின் போல்டரை வேறிடத்துக்கு எடுத்துவைத்துவிட்டு, கேமை டி டிரைவில் 'கேம்ஸ்' என்று ஒரு போல்டருக்குள் போடுங்கள். எப்போதும் அட்மினாகத் திறப்பதும் ஒரு வழிதான், ஆனால் நல்ல வழியல்ல. எங்கிருந்து வந்ததென்று தெரியாத கேமுக்கு வீட்டுச் சாவிக்கொத்தையே கொடுப்பது அது.

ஐந்தாவது, ஒன்ட்ரைவ், அதாவது பைல்களை இன்டர்நெட்டில் ஏற்றிவைக்கும் மைக்ரோசொப்ட் சேவை. மைக்ரோசொப்ட் கணக்கோடு கம்பியூட்டரைத் தொடங்கினால், டொகியுமென்ட்ஸ் போல்டர் ஒன்ட்ரைவுக்குள் இடம் மாறியிருக்கலாம். டொகியுமென்ட்ஸில் ரைட் கிளிக், ப்ரொபர்ட்டீஸ், லொக்கேஷன் என்று பாருங்கள். வழியில் ஒன்ட்ரைவ் என்ற பெயர் இருந்தால் மாறியிருக்கிறது. இலவச இடம் 5 ஜிபிதான். போட்டோக்களால் அது நிரம்பினால் சின்க் நின்றுவிடும். சின்க் நடந்துகொண்டிருக்கும் வேளையில் பைல் பிடிபட்டிருந்தாலும் கேமால் எழுத முடியாமல் போகும். டாஸ்க்பாரில் மேக அடையாளம், செட்டிங்ஸ், சின்க் அன்ட் பேக்அப், மனேஜ் பேக்அப் என்று போய் டொகியுமென்ட்ஸை மட்டும் நிறுத்துங்கள். நிறுத்தியபின் பழைய டொகியுமென்ட்ஸ் வெறுமையாகத் தெரிந்தால் பதறாதீர்கள். பைல்கள் ஒன்ட்ரைவ் போல்டருக்குள்தான் இருக்கும், கையால் நகர்த்திக்கொள்ளலாம்.

ஆறாவது நம்மவர்களுக்கே உரியது: தமிழ்ப் பெயர். வின்டோஸ் போடும்போது யூசர் பெயரைத் தமிழில் தட்டியிருந்தால், சி டிரைவின் யூசர்ஸ் போல்டருக்குள் உங்கள் போல்டரும் தமிழ்ப் பெயரோடுதான் உருவாகியிருக்கும். யூனிகோட் (எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான முறை) தெரியாத பழைய கேம்களுக்கு அந்தப் பெயர் வெறும் கேள்விக்குறிகளாகத் தெரியும். அப்படி ஒரு போல்டரே இல்லையென்று எண்ணி எழுதாமல் விட்டுவிடும். வின்டோஸில் 'நொன்-யூனிகோட் புரோகிராம்களுக்கான மொழி' என்று ஒரு செட்டிங் உண்டு. ஜப்பானிய, ரஷ்ய எழுத்துகளுக்கு அது உதவும். தமிழுக்கு உதவாது, அந்த செட்டிங்கில் பயன்படும் பழைய எழுத்துப் பட்டியல் (கோட் பேஜ்) தமிழுக்கென்று இல்லை. கணக்கின் பெயரைப் பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றினாலும் போல்டரின் பெயர் மாறாது. சுலபமான வழி புதுக் கணக்கு. செட்டிங்ஸ், அக்கவுன்ட்ஸ், அதர் யூசர்ஸ், அட் அக்கவுன்ட் என்று போய், மைக்ரோசொப்ட் கணக்கில்லாத லோக்கல் கணக்கொன்றை ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் உருவாக்குங்கள். கேமை அந்தக் கணக்கிலிருந்து திறந்து பாருங்கள். கேமுக்குள் புரொபைல் பெயர் கேட்கும் இடத்திலும் இதே கவனம் வேண்டும். சில கேம்கள் அந்தப் பெயரிலேயே போல்டர் உண்டாக்கும்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சி டிரைவில் இடம் இருக்கிறதா பாருங்கள். 128 ஜிபி எஸ்எஸ்டி உள்ள செகண்ட் ஹேண்ட் கம்பியூட்டர்களில் வின்டோஸ் அப்டேட்டுகளே இடத்தைத் தின்றுவிடும். இடம் பூச்சியமானால் செட்டிங்ஸ் பைல் 0 கேபி ஆகிவிடலாம். பழைய கம்பியூட்டரின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் புதியதில் பொருத்தியிருந்தால், அதிலுள்ள போல்டர்கள் பழைய கணக்குக்குச் சொந்தமாகவே இருக்கும். கேம் போல்டரில் ரைட் கிளிக், ப்ரொபர்ட்டீஸ், செக்கியுரிட்டி, எடிட் என்று போய் 'யூசர்ஸ்' என்பதற்கு 'மொடிபை' அனுமதி கொடுங்கள்.

இத்தனைக்கும் பிடிபடவில்லையென்றால், மைக்ரோசொப்டின் சிஸ்இன்டேர்னல்ஸ் தொகுப்பிலுள்ள 'புரொசஸ் மொனிட்டர்' என்ற இலவசக் கருவியை இறக்குங்கள், சில எம்பிதான். அட்மினாகத் திறந்து, கொன்ட்ரோலும் எல்லும் அழுத்தி, 'புரொசஸ் நேம்' என்பதற்குக் கேமின் .எக்ஸ்இ பெயரைக் கொடுத்துச் சேர்க்கவும். கேமில் செட்டிங்கை மாற்றி வெளியேறியதும் கொன்ட்ரோலும் ஈயும் அழுத்தி நிறுத்துங்கள். 'ரிசல்ட்' வரிசையில் 'அக்செஸ் டினைட்' என்று இருக்கும் வரியைத் தேடுங்கள். எந்தப் பைலில் தட்டி நின்றது என்று முழு வழியோடு இருக்கும். 'நேம் நொட் பவுண்ட்' என்று நூற்றுக்கணக்கில் வரும், அவற்றில் பெரும்பாலானவை சாதாரணமானவை. பயப்பட வேண்டாம்.

எழுதியது, பிறகு மாறிவிட்டது

இதில் முதல் சந்தேகம் கிளவுட் மேல். ஸ்டீம், எபிக் இரண்டும் சேவ் பைல்களோடு சில கேம்களின் செட்டிங்ஸையும் மேலே ஏற்றிவைக்கும். அண்ணன் கொழும்பில் வேலை, அங்கே அவர் அதே கணக்கில் ஆடுகிறார்; ஹட்டன் வீட்டில் தம்பி ஆடுகிறார். அண்ணனின் பெரிய மொனிட்டருக்கான ரெசொலியூஷன் தம்பியின் பழைய கம்பியூட்டருக்கு இறங்கிவரும். சிக்னல் இல்லாத இடத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு: கேமை மூடியவுடன் கம்பியூட்டரையும் அணைத்தால் ஏற்றம் முடிந்திருக்காது, மேலே பழைய பிரதிதான் இருக்கும். கேமை மூடியபின் ஸ்டீமில் கேமின் பக்கத்தில் கிளவுட் நிலை 'அப் டு டேட்' ஆகும்வரை பொறுங்கள். இரண்டு பிரதி முரண்படுகிறது என்று பெட்டி வந்தால், அதில் காட்டும் திகதியையும் நேரத்தையும் வாசித்துவிட்டுத் தெரிவுசெய்யுங்கள். அவசரத்தில் அழுத்தினால் செட்டிங்ஸ் மட்டுமல்ல, விளையாடி முடித்த கட்டங்களும் போகலாம். சோதனைக்காகக் கிளவுடை நிறுத்த, கேமில் ரைட் கிளிக், ப்ரொபர்ட்டீஸ், ஜெனரல் என்று போய் ஸ்டீம் கிளவுட் பொத்தானை அணையுங்கள். வலரன்ட் வேறு மாதிரி: மவுஸ் வேகம், கீகள், குறிவைக்கும் அடையாளம் போன்றவை கணக்கோடு சேர்வரில் இருக்கும். பைலைத் திருத்திப் பயனில்லை, கேமுக்குள்ளேதான் மாற்ற வேண்டும்.

திகதியைப் பற்றிச் சொன்னதால் இதையும் பாருங்கள். கரண்ட் வந்து கம்பியூட்டரைப் போட்டதும் திகதி பல வருடம் பின்னால் போய் நிற்கிறதா? மதர்போர்டிலுள்ள சிஆர்2032 பட்டரி செத்துவிட்டது. கந்தோர்களில் கழித்துவிட்ட கம்பியூட்டர்கள்தான் நம் பக்கம் அதிகம் விற்பனைக்கு வருகின்றன, அவற்றில் இது சகஜம். திகதி பிழையானால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாமல் போய் ஸ்டீமில் நுழையவே முடியாது, பைல் நேரங்களும் குழம்பும். பட்டரி 3 வோல்ட். பிளக்கைக் கழற்றி, மூடியைத் திறந்து, வட்டமான காசு மாதிரி இருப்பதைப் பக்கத்துக் கிளிப்பைத் தள்ளி எடுத்து, கூட்டல் குறி மேலே இருக்கும்படி புதியதைப் போடுங்கள். பயோஸில் திகதியைச் சரிசெய்யுங்கள். கடிகாரக் கடையிலும் கிடைக்கும்.

இரண்டாவது சந்தேகம் கேம் தன்னையே மாற்றுவது. கிராபிக்ஸ் கார்டோ டிரைவரோ மாறியதைக் கண்டால் பல கேம்கள் செட்டிங்ஸைத் தாமே புதிதாக எழுதிக்கொள்ளும். ஜிடிஏ 5இன் பைலைத் திறந்தால் கடைசிப் பக்கத்தில் கார்டின் பெயரே எழுதியிருக்கும். இரண்டு கிராபிக்ஸ் உள்ள லெப்டொப்பில் கேம் ஒரு நாள் இன்டெலிலும் மறுநாள் என்விடியாவிலும் திறந்தால் ஒவ்வொரு முறையும் 'புதிய கார்ட்' என்று எண்ணலாம். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் என்று போய் அந்தக் கேமுக்கு 'ஹை பெர்போமன்ஸ்' என்று நிலையாக வைத்துவிடுங்கள். கேமுக்கு முன் திறக்கும் லோஞ்சர் உள்ள கேம்களில், உள்ளே மாற்றியதை அடுத்த முறை லோஞ்சர் தன் விருப்பத்துக்கு மேலெழுதுவதும் உண்டு. அப்படியானால் லோஞ்சரிலேயே மாற்றுங்கள்.

மூன்றாவது, கெட்டுப்போன பைல். எழுதும் நொடியில் கரண்ட் போனால் பைல் 0 கேபி ஆகும், அல்லது உள்ளே வெறும் வெற்றிடம் நிரம்பும். வாசிக்க முடியாத கேம் ஒவ்வொரு முறையும் தொடக்க நிலைக்குத் திரும்பும். பைலின் பெயரோடு .ஓல்ட் என்று சேர்த்துவிட்டுக் கேமைத் திறந்தால் புதியது உண்டாகும். சான் அன்ட்ரியாஸில் .செட் பைலை அழிப்பதால் சேவ் போகாது, சேவ்கள் தனிப் பைல்களில் இருக்கின்றன. இது அடிக்கடி நடந்தால் கொமாண்ட் ப்ரொம்ப்டை அட்மினாகத் திறந்து, சி, எச், கே, டி, எஸ், கே என்ற ஆறு எழுத்துகளைச் சேர்த்துத் தட்டி, இடைவெளி விட்டு சி:, மறுபடி இடைவெளி விட்டு /எப் கொடுங்கள். அடுத்த ரீஸ்டார்ட்டில் டிஸ்க்கைச் சரிபார்க்கும். ஷட்டவுன் அல்ல, ரீஸ்டார்ட். 'பாஸ்ட் ஸ்டார்ட்அப்' இயங்கும் வின்டோஸில் ஷட்டவுன் கொடுத்தாலும் அது முழுதாக அணைவதில்லை.

நெட் கபேயில் மட்டும் தங்கவில்லையென்றால் எதையும் தேடாதீர்கள். அங்கே 'டீப் பிரீஸ்' போன்ற ஒன்று போட்டிருப்பார்கள். ரீஸ்டார்ட் ஆனதும் எல்லாம் பழையபடி ஆவதுதான் அதன் வேலையே.

எதுவும் சரிவராத கேமுக்கு மட்டும் ஒரு முரட்டு வைத்தியம்: பைலை நோட்பேடில் திருத்தி, பிறகு ரீட்-ஒன்லி டிக் போட்டுப் பூட்டிவிடுவது. சில கேம்கள் இதைச் சகிக்கும், சில திறக்கவே மறுக்கும். பூட்டியதை மறந்துவிட்டு மூன்று மாதம் கழித்து இதே கட்டுரையைத் தேடாதீர்கள். நோட்பேடில் சேமிக்கும்போது 'சேவ் அஸ் டைப்' என்பதில் 'ஆல் பைல்ஸ்' தெரிவுசெய்யுங்கள். இல்லையென்றால் செட்டிங்ஸ்.ஐஎன்ஐ.டிஎக்ஸ்டி என்று ஒரு வால் முளைத்த பைல் உண்டாகும், கேம் அதைத் திரும்பியும் பார்க்காது. எக்ஸ்டென்ஷனைக் காட்டச் சொன்னது இதற்குத்தான்.

பைலில் இருக்கிறது, திரை கேட்கவில்லை

போடர்லெஸ் வின்டோவில் (ஓரமில்லாமல் திரையை நிரப்பும் வின்டோவில்) ஆடினால் பல கேம்களில் ரெசொலியூஷன் மாற்றம் வேலை செய்யாது. டெஸ்க்டொப்பின் அளவையே எடுக்கும். புல்ஸ்கிரீனுக்கு மாற்றிவிட்டுப் பாருங்கள். டெக்ஸ்ச்சர் தரம் போன்றவை சில கேம்களில் மூடித் திறந்தால்தான் அமலாகும். ரெசொலியூஷனை மாற்றியதும் 'இதை வைத்துக்கொள்ளவா' என்று கேட்டு எண்ணிக்கை ஓடும். அதற்குள் ஆம் என்று சொல்லாவிட்டால் பழையதற்குத் திரும்பும். அதைக் கவனிக்காமல் 'சேவ் ஆகவில்லை' என்பவர்கள் கொஞ்சமல்ல.

வீசின்க்கை (பிரேம் வேகத்தைத் திரையின் வேகத்தோடு கட்டும் செட்டிங்கை) அணைத்தும் அணையவில்லையென்றால் டிரைவர் கட்டாயப்படுத்துகிறது. என்விடியா கொன்ட்ரோல் பெனலில் 'மனேஜ் 3டி செட்டிங்ஸ்', 'புரோகிராம் செட்டிங்ஸ்', கேமைத் தெரிந்து, 'வேர்ட்டிக்கல் சின்க்' என்பதை 'யூஸ் த 3டி அப்ளிகேஷன் செட்டிங்' ஆக்குங்கள். ஏஎம்டி, இன்டெல் மென்பொருள்களிலும் இதற்கு நிகரானது உண்டு.

கரண்ட் போன நேரத்தில் லெப்டொப்பில் பிரேம் வேகம் சட்டென்று 30இல் நின்றால் செட்டிங்ஸில் பிழை இல்லை. பட்டரியில் ஓடும்போது என்விடியாவின் 'பட்டரி பூஸ்ட்' வேகத்தைக் கட்டிப்போடும். சில லெப்டொப்கள் திரையின் ஹேர்ட்ஸையும் (நொடிக்கு எத்தனை முறை திரை புதுப்பிக்கும் என்பதையும்) 60க்கு இறக்கும். சார்ஜரைப் போட்டுவிட்டுப் பார்த்த பிறகே வேறெதையும் தொடுங்கள். 144 ஹேர்ட்ஸ் மொனிட்டர் வாங்கியும் 60தான் வருகிறதென்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்ட் டிஸ்ப்ளே என்று போய் வின்டோஸிலேயே 144ஐத் தெரிவுசெய்ய வேண்டும்.

17, 19 அங்குலச் சதுர மொனிட்டர்களின் சொந்த அளவு 1280க்கு 1024. அதற்கு 1920க்கு 1080 கொடுத்தால் 'அவுட் ஒப் ரேன்ஜ்' என்று கறுப்புத் திரைதான். விஜிஏ-எச்டிஎம்ஐ கொன்வேர்ட்டர் இடையில் இருந்தால் மொனிட்டரின் விவரம் கம்பியூட்டருக்குச் சரியாகப் போகாமல், 1024க்கு 768க்கு மேல் தெரிவே காட்டாமலும் இருக்கலாம். கொன்வேர்ட்டரைக் கழற்றி, இருந்தால் நேரடி விஜிஏ வயரிலேயே ஒரு முறை பாருங்கள். கறுப்புத் திரையில் மாட்டிய கேமை மீட்க, பைலில் அகல உயர இலக்கங்களைத் திருத்தலாம். கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6 ஆனால் ஸ்டீமின் லோஞ்ச் ஒப்ஷன்ஸில் -டபிள்யூ 1280 -எச் 1024 என்று கொடுத்தால் போதும். யூனிட்டி கேமானால் ரெஜிஸ்ட்ரியில் 'ஸ்க்ரீன்மனேஜர்' என்று தொடங்கும் வரிகளை மட்டும் அழியுங்கள், அடுத்த முறை புதிதாக எழுதிக்கொள்ளும்.

கீகள் பதியவில்லை என்றால் பைலைத் தேடுமுன் டாஸ்க்பாரின் வலது மூலையைப் பாருங்கள். தமிழோ சிங்களமோ கீபோர்ட் ஓனில் இருந்தால், டபிள்யூவை அழுத்தும்போது கேமுக்குப் போவது வேறெழுத்து. கேமைத் திறக்குமுன் வின்டோஸ் கீயும் ஸ்பேஸும் அழுத்தி ஆங்கிலத்துக்கு வந்துவிடுங்கள்.

எல்லாம் சரியான அன்றே அந்த செட்டிங்ஸ் பைலை ஒரு பென் டிரைவில் கொப்பி செய்யுங்கள். அநேகமாக நூறு கேபிக்கும் குறைவு. ரெஜிஸ்ட்ரியில் இருந்தால் அந்தக் கேமின் கீயில் ரைட் கிளிக், எக்ஸ்போர்ட். ஆனால் நண்பரின் கம்பியூட்டரிலிருந்து கொண்டுவரும்போது கீகள், மவுஸ் இருக்கும் பைலை மட்டும் எடுங்கள். கிராபிக்ஸ் பைலையும் சேர்த்துப் போட்டால் கேம் புதிய கார்டைக் கண்டு எல்லாவற்றையும் மறுபடி தொடக்கத்துக்குக் கொண்டுபோய்விடும்.